ஒரே மூக்கு, இரண்டு பெயர்

ஒருத்தி மேல் எனக்கு இருந்த பொறாமையை எழுத வேண்டுமென்றால் குழந்தைகளின் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் எனக்கு வேலை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சளி, இருமல், இளைப்பு என்று வருவார்கள். மூக்குக்குள் மெல்லிய பஞ்சுக் குச்சியை விட்டு, ஒரு சுற்று சுற்றி எடுத்து, இளஞ்சிவப்பு நீர் இருக்கும் சிறு குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மாடியில் ஆய்வுக்கூடம். எந்த வைரஸ் இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலைக் கொடுக்கிறது, அதே வைரஸ் அதே பிள்ளைக்குத் திரும்ப வருமா என்பதுதான் ஆராய்ச்சி. அதனால் ஒரு தடவை எடுத்தால் போதாது. அடுத்த முறை இருமல் வரும்போதும் அதே குழந்தை, நாங்கள் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்த அட்டையோடு, எங்களிடம் வர வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர், நானும் அவளும். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் திருச்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டாக்குரியாவில் வாடகை வீடு. என் வங்காளி காய்கறிக்காரரோடு பேரம் பேசப் போதும். அவள் பவானிபூர்க்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை தீதி, அதாவது அக்கா, என்பாள். கூடத்தில் எதிரும் புதிருமாக எங்கள் பெஞ்சுகள். ஆராய்ச்சியை நடத்திய டாக்டரை ஸார் என்று கூப்பிடுவோம். சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார், வருஷக் கடைசியில் ஒருத்தியைத்தான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய முடியும் என்று.

அந்த இடம் எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் திருச்சியில் ஜாதகக் கட்டோடு காத்திருந்த பெரியம்மாவிடம் என்னை ரயிலேற்றிவிடுவார்கள். படித்தது போதும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பிஎச்.டி. என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் அப்பா மசிவார்.

முதல் மாதத்திலேயே அவளைப் பார்த்தால் எனக்கு எரிந்தது. நான் குழந்தையின் தலையைப் பிடித்தால் அது ஊரைக் கூட்டும். அவள் மடியில் உட்காரவைத்து, முழங்கையின் வளைவில் தலையைச் சாய்த்து, என்னமோ முணுமுணுப்பாள். அது அழ ஆரம்பிப்பதற்குள் குச்சி குப்பிக்குள் போயிருக்கும். கொஞ்சம் குளிர் தட்டினாலே அங்கே பிள்ளைகளுக்கு மங்கி குல்லா மாட்டிவிடுவார்கள். மூக்கிலும் நெஞ்சிலும் கடுகு எண்ணெய் வேறு. குல்லாவுக்குள்ளிருந்து வழுக்கும் முகத்தை வெளியே எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். என் பெஞ்சு காலியாக இருக்கும்போதே தாய்மார்கள் அவள் முன்னால் வரிசை கட்டுவார்கள். நான் கூப்பிட்டால், "இருக்கட்டும் தீதி, நாங்க காத்திருக்கோம்" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அது இன்னும் எரியும்.

ஸார் அறையில் சுவரில் ஒரு தாள். எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பத்தி: புதிதாகச் சேர்ந்த குழந்தைகள், மறுபடி வந்த குழந்தைகள். மழைக்காலம் முடியும்போது அவள் பத்திகள் இரண்டும் நீண்டுகொண்டே போயின. எனக்குப் புதுக் குழந்தைகள் இருந்தார்கள். மறுபடி வந்தவர்கள் அநேகமாக இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு தடவையோடு எங்கே மாயமானார்கள்? ஸார் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அவள் சிரிப்பு, அவள் புடவை, ஸார் அவளிடம் இரண்டு தரம் "வெரி குட்" சொன்னது.

"ஏண்டி, சோத்தைப் பிசைஞ்சுண்டே அவளையும் சேத்துப் பிசையறே?" என்றாள் அம்மா. "வயித்தெரிச்சல்னா சொல்லு, இன்னும் கொஞ்சம் மோர் விடறேன்."

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? அவ ஏதோ தில்லுமுல்லு பண்றா."

"அப்போ உங்க ஸாரண்ட போய்ச் சொல்லு. என்னண்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

சொல்ல ஆதாரம் வேண்டுமே. அது டிசம்பரில் கிடைத்தது. அவள் பெஞ்சிலிருந்து இறங்கிப்போன ஒரு தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன தீதி, அடையாளம் தெரியலையா? மழைக்காலத்துல நீங்கதானே இவன் மூக்குல குச்சி விட்டீங்க!" மொட்டைத் தலையோடு ஒரு குண்டுப் பையன். எனக்குத் தெரியவில்லை. அவள் மேஜையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தேன். புதுக் குழந்தை, புது எண், நான் கேள்விப்படாத பெயர்.

பெயர் ஏன் மாறியது என்று கேட்டேன். அந்தத் தாய்க்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. அப்போது சொன்னது வீட்டில் கூப்பிடும் பெயர். நடுவில் அன்னப்பிராசனம் ஆயிற்று, சோறு ஊட்டினார்கள், பாலோ நாம், அதாவது வெளியில் சொல்லும் நல்ல பெயர், வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைத்தானே சொல்ல வேண்டும்? பழைய பெயர் எழுதின அட்டை இனிமேல் செல்லாது என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் தொட்டிலில் போடும் நாளிலேயே பெயர் வைத்துவிடுவார்கள். வங்காளிகளுக்கு இரண்டு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு ஏழு மாதம் வரை பல குழந்தைகளுக்கு வெளிப்பெயர் என்று ஒன்று கிடையாது என்பது தெரியாது. தாய் சொன்ன செல்லப் பெயரை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் குழந்தைகள் எங்கேயும் மாயமாகவில்லை. வேறு பெயரோடு எதிர் பெஞ்சுக்குப் போயிருந்தார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆராய்ச்சியில் ஓட்டை விழுந்ததே என்று தோன்றவில்லை. அவள் பத்தியில் இருப்பதில் பாதி என்னுடையது என்றுதான் தோன்றியது.

மறுநாள் மதியம் அவள் சாப்பிடப் போனபோது அவள் படிவக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பா பெயர், சந்து, வீட்டு எண் என்று என் படிவங்களோடு ஒப்பிட ஆரம்பித்தேன். மூன்றாவது தாள் கை தவறி விழுந்தது. எடுக்கும்போது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அவள் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "முன்பு தீதியிடம் வந்த குழந்தை. வீட்டுப் பெயர் இன்னது. பழைய அட்டை கொண்டுவரவில்லை." பழைய அட்டை இல்லாமல் பழைய எண் போடக் கூடாது என்பது ஸாரின் விதி. அதனால் புது எண் கொடுத்து, பின்னால் குறித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். என் குழந்தைகள் ஒருத்தர் விடாமல் இருந்தார்கள்.

அதற்கப்புறம் அப்பா பெயரும் சந்தும் தேவைப்படவில்லை. பின்பக்கத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன், அவ்வளவுதான்.

அவளை மாட்டிவிடுவதாக நினைத்துத்தான் ஸாரிடம் கொண்டுபோனேன். இந்தப் புதுக் குழந்தைகள் புதுக் குழந்தைகளே இல்லை ஸார் என்று ஆரம்பித்தேன். அவர் நான் நினைத்ததைக் கவனிக்கவே இல்லை. மாடியிலிருந்து ஆய்வுக்கூடப் பதிவேட்டை வரவழைத்து, பட்டியலின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதே குழந்தைக்கு மழையில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை, இரண்டு தரமும் அதே வைரஸ். அப்படிச் சில பேர் இருந்தார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! உனக்கு எப்படித் தோன்றியது?"

"சந்தேகமாக இருந்தது ஸார். ஒப்பிட்டுப் பார்த்தேன்."

"நீயாகவா?"

"ஆமாம் ஸார்."

ஐஸ் பெட்டியோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஸார் பட்டியலை அவளிடம் நீட்டி, "பார், உன் தீதியின் வேலையை" என்றார். அவள் படித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு ஸார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

"தீதி, பின்பக்கம் எழுதியிருந்ததை ஸார்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கலை."

"உங்ககிட்ட ரெண்டு தடவை சொல்ல வந்தேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கலாம்னீங்க."

உண்மைதான், சொல்லியிருந்தேன். அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதை நான் அவளுக்குச் செய்ததுபோல் அவள் எனக்குச் செய்திருந்தால், என்னால் இப்படிப் படியேறியிருக்க முடியாது.

இடம் எனக்குக் கிடைத்தது. பெரியம்மாவுக்கு அப்பா கடிதம் எழுதினார். எதிர் பெஞ்சுக்காரி மார்ச்சில் விலகி, பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். போகும் அன்று என் மேஜையில் ஒரு சந்தேஷ் இனிப்புப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அதைப் பிரிக்காமல் ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலம் வந்தது. இரண்டு தடவை அதே வைரஸ் வந்த பிள்ளைகளுக்கு மூன்றாவது தடவையும் வருமா என்பதுதான் இப்போது என் பிஎச்.டி.யின் கேள்வி. அட்டைகளில் இரண்டு பெயரும் அம்மா பெயரும் எழுதி வைத்திருந்தேன். ஒரு காலையில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் வந்தாள். இருமல் கூடத்து வாசலிலிருந்தே கேட்டது. கையில் அட்டையும் இருந்தது. நான் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி எதிர் பெஞ்சைப் பார்த்தாள்.

"அந்த தீதி இல்லையா?"

"அவங்க போயிட்டாங்க. நான் எடுக்கறேன், ஒரு நிமிஷம்தான்."

குழந்தை என் கையிலிருந்த குச்சியைப் பார்த்துவிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "டாக்டர்கிட்ட மட்டும் காட்டிக்கறோம்" என்று சொல்லி அவள் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தாள். எனக்கு வேண்டியது அந்த முந்தானையோடு போயிற்று. அந்த மாதம் இன்னும் சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

படிவத்தை எடுத்தேன். மறுவருகை என்ற இடத்தில் 'வரவில்லை' என்று எழுதினேன்.