கறிவேப்பிலைச் செடியின் பச்சைக்காரன்

தனலெட்சுமிக்குக் கை முந்தும், யோசனை பிந்தும். ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருபது வருஷம். பிறையில் தொழிற்சாலை வேலையும் அதே இருபது வருஷம். இரண்டு இடத்திலும் அவளுக்கு இதே பெயர்தான்.

பக்கத்து வீட்டு ஆசியா பீவி, மகள் பிரசவத்துக்குத் தைப்பிங் போகும்போது தன் கறிவேப்பிலைத் தொட்டியை இவளிடம் ஒப்படைத்தாள்.

"செடி காஞ்சாலும் பரவால்ல தனம். அதுல இருக்குற பச்சைக்காரனைப் பாத்துக்க. வீட்டுக்காரரு மௌத்தான பிறகு நான் பேசுறதக் கேக்க அவன்தான் இருக்கான்."

பச்சைக்காரன் ஒரு சின்ன ஓணான். கிளிப்பச்சை நிறம், உடம்பைவிட வால் நீளம். காலையில் வெயில் காயும், எறும்பு பொறுக்கும், யாராவது பேசினால் தலையை ஆட்டும். ஆசியாவுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வழக்கம்போல் தனலெட்சுமி வீடெல்லாம் சாம்பிராணி போட்டாள். போட்ட கை சும்மா இருக்குமா? பூச்சி பிடிக்காமல் இருக்கட்டுமென்று செடிக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். புகை விலகினால், ஐயோ, பச்சையைக் காணோம்! அதே கிளையில் கரிக்கட்டை மாதிரி ஒரு கறுத்த ஓணான்.

"எங்க பிள்ளையத் தின்னுட்டு உக்காந்திருக்கியா?"

துடைப்பத்தை எடுத்தவள், வாய்க்கால் தாண்டி வேலிவரைக்கும் அதை விரட்டிவிட்டுத்தான் நின்றாள்.

மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த மேல்மாடிக் கோகிலன் தலையில் கை வைத்தான். "அக்கா, அதான்லா இது! பயந்தா கறுத்துப் போயிரும். நீங்க புகை வேற போட்டீங்க."

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டவர்கள் கதை ஊருக்கே தெரியும். வீட்டில் இருந்த ஓணானை வேலிக்கு விரட்டியது அவள் ஒருத்திதான். நாளை மத்தியானம் ஆசியா வந்துவிடுவாள். எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது? இருட்டும்வரை தேடியும் அகப்படவில்லை.

சனிக்கிழமை காலை தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. "வரல, போ!" என்று கையைக் காட்டினாள். வேலிக் கம்பியில் ஒரு பழுப்பு ஓணான் உட்கார்ந்திருந்தது. அதன் மூக்குக்கு நேரே குனிந்து, "பச்சையாயிரு சாமி, பச்சையாயிரு" என்று கெஞ்சினாள். அது இன்னும் கறுத்தது.

"நீங்க நிக்கிறவரைக்கும் ஆவாதுக்கா," என்றான் கோகிலன். "தள்ளி வந்து சும்மா இருங்க. பச்சையாச்சுன்னா அவன்தான். இங்க இருக்குற மத்த ஓணானெல்லாம் அப்படி ஆவாது."

சும்மா இருப்பதா! அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனாலும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குந்திக் கையைக் கட்டிக்கொண்டாள். வெயில் ஏறியது. முழங்கால் கடுத்தது. எட்டிப் பார்த்தபோது கழுத்தில் பச்சை, அப்புறம் முதுகில், அப்புறம் உடம்பு முழுக்க. நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப்போக, தனலெட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மத்தியானம் ஆசியா பையை இறக்குமுன்பே, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி வேலியைக் காட்டினாள். ஆசியா வேலியை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"உன் சாம்பிராணிக்கு என் வீட்டுக்காரரே இருந்த காலத்துல கதவைச் சாத்திக்குவாரு தனம். இவன் எம்மாத்திரம்? வா, தொட்டியத் தூக்கு."

இருவரும் தொட்டியை வேலியோரம் கொண்டுபோய் வைத்தார்கள். கிளையைக் கம்பிப் பக்கம் வளைக்கப் போன கையைத் தனலெட்சுமி பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"வாக்கா, தேத்தண்ணி குடிப்போம். அவன் பாட்டுக்கு வரட்டும்."

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆசியா எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"வந்துட்டியாடா? கேளு, எனக்குப் பேத்தி பொறந்திருக்கா."