கண் காப்பீடும் ஆறாம் பத்தியும்

“விருப்பக் காலத்துக்குள் ஊழியர் எழுப்பும் ஐயத்துக்கு எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும். பதில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் வரை அவரது விருப்ப உரிமை நீடிக்கும்.” கண் காப்பீட்டில் சேர விருப்பமா இல்லையா என்று கேட்டு எங்கள் கூட்டுறவு அலுவலகம் விட்ட சுற்றறிக்கையின் ஆறாம் பத்தி இது. ஏழாம் பத்தி, பணியில் இருக்கும்போது விருப்ப உரிமை பெற்றவர் ஓய்வுக்குப் பிறகும் அதை மனைவிக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றது.

அப்போது நான் கரியாலூர் கிளையில் இருந்தேன். தபால் பை பேருந்தில் ஏறி மலைக்கு வரும், சௌகரியப்பட்டபோது. சுற்றறிக்கை வந்தபோது கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது. என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. ஏற்கெனவே உள்ள குறைக்கும் இது பொருந்துமா என்று அன்றே கேட்டு எழுதினேன். பொருந்தினால் சேர்வேன், இல்லாவிட்டால் எனக்குத் தேவையில்லை.

பதில் இல்லை. ஓய்வு பெறும் அன்று தலைமை அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்தேன். கிளை ஊழியர் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே அடைப்புக்குறி, பக்கத்தில் “விருப்பமில்லை”. கையெழுத்து பிரிவுத் தலைவருடையது. மலையிலிருந்து தாள் நேரத்துக்கு வராது என்பதால் மலைக்காரர்கள் எல்லாருக்கும் வேண்டாம் என்று அவரே எழுதிவிடுவது வழக்கமாம். என் கடிதம் அடியிலேயே கோர்க்கப்பட்டிருந்தது.

அன்றே புகார் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பணிப் பதிவேடுகளை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். பிரிவுத் தலைவர் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் என்று தெரியும். புகாருக்கு விளக்கம் நிலுவையில் இருந்தால் ஓய்வுப் பணத்துக்கான தடையின்மைச் சான்று தர மாட்டார்கள் என்பதும் தெரியும். காத்திருந்தேன்.

மனைவியையும் காக்க வைத்தேன். சேருவதற்கு முன் அறுவை செய்தால் அந்தச் செலவுக்குக் காப்பீடு கிடையாது. “பதில் வரட்டும்” என்றே சொல்லிவந்தேன். மலைச் சாமையில் கல் பொறுக்க அவளால் முடியவில்லை. தினமும் சோற்றில் எனக்குக் கல் கடிபட்டது.

ஜூன் பிறந்ததும் மனு போட்டேன். நகல் மேலாண் இயக்குநருக்கு, தணிக்கைக்கு. மூன்றாம் நாள் பிரிவுத் தலைவரிடமிருந்து தொலைபேசி.

“இன்னா சார் இது, ரிட்டயர்டு ஆவுற நேரத்துல?”

“ஆறாம் பத்தி படிச்சீங்களா?”

“சார், மல மேல கீற எல்லாருக்கும் அப்படித்தான் போடறது. உங்கள மட்டும் இல்ல.”

“அதையும் எழுதிக் குடுங்க. ரொம்ப உபயோகமா இருக்கும்.”

அன்று நன்றாகத் தூங்கினேன். ஆனால் பேச்சு மனைவியின் காதில் விழுந்திருந்தது. காலையில் கேட்டாள்.

“இன்னாங்க, இந்த லெட்டர போன வருஷமே போட்டிருக்கலாம் இல்ல?”

“போட்டிருக்கலாம்.”

“அப்ப கண்ணு எனக்கா, உங்க பைலுக்கா?”

அந்த வாரமே தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தியாகதுருகத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்குப் போய், வலது கண்ணில் அறுவை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். என்னைத் துணைக்கு அழைக்கவில்லை.

மாதக் கடைசி நாளில் பிரிவுத் தலைவர் பதிலைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் இன்னும் பிரிவுபசார மாலையின் நார் ஒட்டியிருந்தது. ஏற்கெனவே உள்ள குறைக்கும் பொருந்தும் என்று இரண்டே வரி. அவரை நிற்க வைத்து இரண்டு முறை படித்தேன். மனைவி நாற்காலி போட்டாள்.

“இன்னும் ஒரு கண்ணு பாக்கி கீது. அதுக்காவது சேருங்க. அவுர உட்டுடுங்க, பாவம்.”

முதல் பாதிக்கு மட்டும் கட்டுப்பட்டேன். விருப்பப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். ஒப்புகை கேட்டேன். பதிவேட்டில் இன்றே ஏற்றியாக வேண்டும், நாளை அவருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை என்பதை மரியாதையாக நினைவூட்டினேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்குத் திரும்பக் கள்ளக்குறிச்சி பேருந்துக்கு ஓடினார். அதற்கு முன்பே ஒப்புகையில் அவர் கையாலேயே எழுதவைத்திருந்தேன்: பதில் வழங்கிய நாள் ஜூன் முப்பது, பிற்பகல் மூன்றே கால்.