ஓர்கனுக்குக் காற்றடித்தவரின் குரல்

கொழும்பிலிருந்து ஒலிப்பதிவு செய்ய வந்தவரே, என் கணவரின் குரலை நீங்கள் வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன், திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் பேராலயத்தில் நடந்தது இது. லண்டனில் வளர்ந்த நம்மவர் ஒருவர் வந்து, அங்குள்ள பழைய குழாய் ஓர்கனைத் தனியாக வாசித்தார். இறுவட்டாக வெளியிட நீங்கள் அதைப் பதிவு செய்தீர்கள்.

முதல் பாட்டிலேயே கரண்ட் போனது. ஓர்கனுக்குக் காற்றுக் கொடுக்கும் மோட்டார் நின்றது. உங்கள் பதிவுக் கருவிகள் பற்றரியில் ஓடின; ஜெனரேட்டர் போட்டால் அதன் இரைச்சலும் பதிவாகும் என்றீர்கள். வாசிப்பவருக்கோ மறுநாள் விமானம். என் கணவர்தான் எழும்பிப் போனார். சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாத வருடங்களில், ஓர்கனின் பக்கத்தில் உள்ள மரக் கைபிடியை ஏற்றி இறக்கிக் காற்றடித்தவர் அவர். ஐம்பத்தெட்டு வயதில், அந்த வெக்கையில், ஒரு மணித்தியாலம் அடித்தார்.

நடுவில் ஒரு பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “தம்பி, நீர் விரலால விளையாடுறீர். இஞ்ச எனக்கு இடுப்புக் கழண்டு போச்சு.”

“அடுத்தது சின்னப் பாட்டு, அங்கிள்.”

“முதலும் உப்பிடித்தான் சொன்னனீர்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவரை எடுக்க நான் அப்போதுதான் போனைத் திறந்தேன்.

“அக்கா, போனை நிப்பாட்டுங்கோ. எங்கட மைக்குக்குள்ள இரையுது. இதில எல்லாம் பதியுதுதானே, பிறகு தாறன்” என்றீர்கள். கோயிலுக்குள் ஏன் வீண் கதை என்று நானும் ஒன்றும் பதியாமலே அணைத்தேன்.

நான்கு மாதத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். என் போனில் அவர் குரல் இரண்டு துண்டுதான் மிச்சம். பாண் வாங்கவா என்று கேட்கிறார். மழை வருது, உடுப்பை எடு என்கிறார். இரண்டிலும் சிரிப்பு இல்லை.

இறுவட்டு வந்த அன்று பிள்ளைகளும் நானும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு முழுவதையும் கேட்டோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் புறா சிறகடிக்கிறது. தூரத்தில் கப்பல் ஊதுகிறது. கைபிடி கிறீச்சிடும் சத்தம் இல்லை. அவர் இல்லை. மகள் எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உங்களுக்குப் போன் எடுத்தேன்.

“அது இரைச்சலெல்லோ, அக்கா. வெட்டத்தானே வேணும்.”

“அப்ப புறா?”

“அது அந்த இடத்துக்கு ஒரு அழகு.”

“சரி, வெட்டினதைத் தாங்கோ.”

“தேடிப் பார்க்கிறன்.”

அதற்குப் பிறகு என் அழைப்பை நீங்கள் எடுக்கவேயில்லை.

சொன்னவுடனே போனை அணைத்தது என் பிழை. அதை நான் தினமும் நினைக்கிறேன். இன்று அந்த ஓர்கன் வாசிப்பைக் கேட்டாலும் எனக்குப் பாட்டு ஏறுவதில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதைத்தான் காது தேடுகிறது. அந்தத் துண்டு உங்களிடம் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா? தனியாக எனக்குச் சொல்ல வேண்டாம். இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், எல்லோரும் வாசிக்க, பதில் எழுதுங்கள்.