தளபதிக்குப் பின்னால் படுத்திருந்தோம்

அமெரிக்கப் படம் ஒன்றில் நான் நடித்திருக்கிறேன். ஒரு காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறந்தநாள் வீடு, கோயில், ரயில் நிலையம், ஒன்றும் மிச்சமில்லை. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தேத்தண்ணி போடப்போகிறேன் என்று குசினிக்குள் போய்விடுகிறேன்.

பசிபிக் யுத்தத்தில் பேர்போன அமெரிக்கத் தளபதி ஒருவரைப் பற்றிய படம் அது. சிட்னிக்கு வெளியே, ஒரு குளத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் தென்னை மரங்களைக் கொண்டுவந்து நட்டு அதைத் தீவாக்கியிருந்தார்கள். தீவுக்குக் கறுத்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள். லிட்கம்மில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒரு வேன் நிறையப் போனோம். வேனில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வன்னியில் யுத்தம் முடியும்வரை நின்று வந்தவர்கள். அதைப்பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முட்டை தருவார்களா என்பதுதான் வழிநெடுகப் பேச்சு.

எங்கள் வேலை சுலபமானது. தளபதி கரையில் நிற்பார். ஷெல் விழும். நாங்கள் கையைத் தூக்கி அலறிக்கொண்டு நாலாபக்கமும் ஓட வேண்டும். தளபதி மட்டும் அசையாமல் நிற்பார்.

முதல் வெடி வெடித்தது. பார்த்தால் நான் மண்ணில் கிடக்கிறேன். முகம் கீழே, இரண்டு கையும் காதில். எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு அன்ரியையும் இழுத்து விழுத்தியிருந்தேன். தலையைத் திருப்பினால் வன்னியில் இருந்து வந்த அத்தனை பேரும் படுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிற இரண்டு பேர் மட்டும்தான் சொன்னபடி ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள்.

உதவி இயக்குநர் ஒரு சின்னப் பெண். படுக்கச் சொல்லவில்லையே, ஓடத்தானே சொன்னோம் என்று பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் படுத்தோம். அன்ரி எழும்பி உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம், "ஓடினா செத்துப்போவம் தம்பி. இதை இந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்றா.

கடைசியில் இயக்குநரே வந்து, இதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லோரும் நிலத்தோடு நிலமாகக் கிடக்க, நடுவில் தளபதி ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். அவருடைய வீரத்தைக் காட்ட நாங்கள் நல்ல வசதியாகப் போய்விட்டோம். அதற்குப் பிறகு பகல் சாப்பாடு தந்தார்கள்.

படம் வந்தபோது மகள் சின்னப் பிள்ளை. இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டு. போரைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. பெரியப்பா ஒருவர் இருந்தார், சண்டையில் செத்துப்போனார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தலைமைத்துவம் பற்றிக் கட்டுரை எழுத அதே தளபதியை எடுத்திருந்தாள். நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் அவருடைய பொருட்களை வைத்திருக்கிறார்கள், படத்தின் காட்சியும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாளாவது அவள் என்னைப் பெருமையாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கண்ணாடிப் பெட்டிக்குள் தளபதியின் பைப், கறுப்புக் கண்ணாடி, தொப்பி. பக்கத்திலேயே படத்தில் நடிகர் போட்ட தொப்பி. நடிகரின் தொப்பியில் சேறும் வியர்வைக் கறையும் இருந்தன. உண்மையான தொப்பியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. சனம் சேறு பூசிய தொப்பியைத்தான் படம் பிடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன என் அண்ணாவின் பொருள் என்று எங்களிடம் ஒரு துணி கூட இல்லை. விழுந்த இடத்தில் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது. அதைக்கூட எடுக்கவில்லை.

பெட்டிக்கு மேலே திரையில் ஷெல் விழுந்தது. தளபதி நின்றார்.

"ஹி டிடின்ட் ஈவன் டக்!" என்றாள் மகள். தளபதி குனியக்கூட இல்லையாம். பிறகு என்னைக் கண்டுபிடித்தாள். "அப்பா, இஸ் தட் யூ? ஏன் இப்பிடிப் படுத்திருக்கிறீங்க? யூ லுக் ஸோ ஸ்கேர்ட்!"

விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவரும் சிரித்தார். அவள் கெட்ட பிள்ளை இல்லை. நான் ஒன்றும் சொல்லித் தராவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் காட்சியைப் போனில் பிடித்து, சிரிப்புப் பொம்மைகளோடு குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

கனடாவில் இருக்கும் என் அக்கா உடனே குரலில் பதில் அனுப்பினா. மகள் அதைச் சத்தமாகவே போட்டாள்.

"தம்பி, படுத்தது சரி. ஆனா வாயை ஏன் மூடி வச்சிருக்கிறாய்? வாயைத் திறந்து வச்சிருக்கோணும், இல்லாட்டிக் காது வெடிச்சிடும். எல்லாத்தையும் மறந்துபோனியே?"

மகள் என்னைப் பார்த்தாள். "மாமியும் அந்தப் படத்தில நடிச்சவவா?"

"இல்லை."

"தென், ஹவ் டஸ் ஷி நோ?"

திரையில் காட்சி மறுபடி முதலில் இருந்து ஓடத் தொடங்கியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வன்னியில நாங்கள் எல்லாரும் இப்பிடித்தான் படுத்திருந்தனாங்கள். பெரியப்பா மட்டும்தான் எழும்பி நிண்டவர். புகைக்குள்ள என்னைக் காணேல்லை எண்டு."

அவள் போனைக் கீழே இறக்கினாள். "நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்திலதான். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நான் தலையைத் தூக்கேல்லை."