பின்சந்தில் வளர்ந்த மண்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டுக்குப் பின்னால், சமையலறைக் கதவுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடந்தது. இரண்டு பாய் விரித்தால் தீர்ந்துவிடும். சாவி கைக்கு வந்த அன்றே என் கணவர் அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டார். சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன் அவர். எந்தக் கோளாறுக்கும் எங்கோ ஒரு வால்வு இருக்கும், அதைத் திருகினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

முதலில் வெண்டை விதைத்தார். முளைத்தது, இரண்டு இலை விட்டது, மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. கறிவேப்பிலைக் கன்று வைத்தார். அது வைத்த உயரத்தைவிட்டு ஏறவே இல்லை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தரைமேல் நின்றது. இரண்டு நாள் வெயில் அடித்தால் தரை சட்டிபோல் இறுகி வெடித்தது.

"மண்ணுல சத்து இல்ல" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சத்து என்றால் கடையில் பாக்கெட்டில் கிடைப்பது என்பது அவர் கணக்கு. நீல உருண்டை உரம் வந்தது. கோழி எரு வந்தது. பிறகு கைப்பேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். வாழைப்பழத் தோல் ஊறிய நீர், முட்டை ஓட்டுத் தூள், காப்பிச் சக்கை, அரிசி களைந்த தண்ணீர் என்று வேளைக்கு ஒன்றாக ஊற்றினார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது வெண்டைச் செடிதான்.

அப்போது செலண்டாரிலிருந்து என் கொழுந்தனார் வந்தார். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். செடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது காரின் பின்னால் செம்பனைக்குப் போடும் உரத்தை மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினார். அது அதிகமில்லையா என்று கேட்டேன்.

"அவ்ளோ பெரிய மரமே சாப்பிட்டு நிக்குது அண்ணி. வெண்டைக்கா தாங்காதா?"

தாங்கவில்லை. அந்த வாரமே இலைகளின் ஓரம் தீப்பட்டதுபோல் கருகி, செடிகள் வரிசையாகத் தலை சாய்ந்தன. விதை சரியில்லை என்று கொழுந்தனார் போனில் சொன்னார். அண்ணனும் ஆமோதித்தார்.

கடைசி முயற்சியாக அண்ணனும் தம்பியும் நர்சரியில் கறுப்பு மண் மூட்டைகள் வாங்கிவந்து அந்த இறுகிய தரைமேல் பரப்பினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் கொட்டிய மழையில் அவ்வளவும் கரைந்து கால்வாய்க்குள் போய்விட்டது. நாலு வீடு தள்ளி, கால்வாய் வளைகிற இடத்தில், யாரும் விதைக்காத கங்கோங் கீரை செழித்து வளர்ந்தது.

கணவர் கைவிட்ட பிறகு, துணி காயப்போட ஒரு கம்பம் நடலாம் என்று நான் குழி தோண்டினேன். மேலே கொஞ்சம் புல். அதன் கீழே செங்கல்போல் இறுகிய செம்மண். அதற்கும் கீழே சிமெண்டுக் கட்டி, உடைந்த ஓடு, நசுங்கிய குளிர்பான டின், ஒற்றைக் கையுறை. அதையும் தாண்டினால் பிசுபிசுத்த மஞ்சள் களிமண். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் நான் புவியியல் படித்தவள். மண்ணின் அடுக்குகளை வண்ணப் பென்சிலால் வரைந்து மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தில் கையுறை இல்லை.

பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்குகிறது. அதில் வேர் இறங்கி, இலை விழுந்து அழுகி, புழுவும் பூஞ்சையும் தின்று கழித்து, யார் ஆயுளுக்கும் எட்டாத காலத்தில் ஒரு சாண் மேல்மண் சேர்கிறது. எங்கள் தாமான், அதாவது இந்தக் குடியிருப்பு, இருக்கும் இடம் முன்பு ரப்பர் போட்டிருந்த மேடு. வீடு கட்ட வந்தவர்கள் முதல் வேலையாக அந்தச் சாண் மண்ணைத்தான் வழித்து லோரியில் ஏற்றியிருப்பார்கள். அது எங்கே போயிருக்கும் என்று யோசித்தபோது நர்சரியில் அடுக்கியிருந்த மூட்டைகள் நினைவுக்கு வந்தன. வீட்டோடு வந்திருக்க வேண்டியதைத் தனியாக வாங்கி, அதையும் கால்வாயில் விட்டிருக்கிறோம்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு வாசலில் ரம்புத்தான் மரம் உண்டு. தினமும் இலைகளைக் கூட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குப்பை லோரிக்கு வைப்பார். அதை எனக்குத் தரமுடியுமா என்று மலாயில் கேட்டேன். எதற்கு என்றார். மண் செய்ய என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தூக்கிக் கொடுத்தார்.

செய்தி பரவியது. இலைப் பைகள் எங்கள் கேட்டுக்கு வரத் தொடங்கின. முதலில் இலை மட்டும். பிறகு இலையோடு பிய்ந்த செருப்பு, உடைந்த விசிறி. ஒரு காலையில் கேட்டில் ஒரு மெத்தை சாய்ந்து நின்றது. அதற்குள் பஞ்சு இருக்கிறதே, அதுவும் மக்கும்தானே என்று யாரோ நல்ல மனதோடு நினைத்திருக்க வேண்டும்.

களிமண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மேலே இலையும் காய்கறித் தோலும் மாற்றி மாற்றிப் பரப்பி, பழைய அட்டைப்பெட்டியால் மூடினேன். குப்பை போட்டால் குப்பைதான் ஆகும் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்றம், கொசு, பாம்பு என்று புகார் வந்திருப்பதாகக் குடியிருப்போர் சங்கத் தலைவர் நேரில் வந்தார். மூக்கை நீட்டிப் பார்த்தார். மழை பெய்த காட்டின் வாசனைதான் வந்தது. கொஞ்சம் ஏமாந்துபோனார். அவர் தன் வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டுப் பச்சைப் பெயிண்டு அடித்து வைத்திருக்கிறார்.

"நீங்களும் சிமெண்டு போட்டுடுங்கம்மா. கழுவிவிட ஈசிலா" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மழைக்காலம் போனது. அட்டையைத் தூக்கினால் மண்புழுக்கள் நெளிந்தன. கையில் அள்ளினால் புட்டு மாவுபோல் உதிர்ந்தது. ஊற்றிய தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. வெண்டை விதைத்தேன், உரம் எதுவும் போடவில்லை. அது இடுப்பளவு வந்து பூத்த அன்று, வேலை முடிந்து வந்த கணவர் சீருடையைக்கூட மாற்றாமல் அங்கேயே நின்றார். பிறகு தம்பிக்குப் போன் போட்டார்.

"மண்ணே இல்லாத எடத்துல நாம சத்து போட்டிருக்கோம்டா."

அதன்பின் அது 'என் மண்' ஆகிவிட்டது. ஆலையில் நண்பர்களுக்குப் படம் காட்டினார்.

கால்வாயை அகலமாக்குகிறோம் என்று ஒரு காலையில் இயந்திரம் வந்தது. எங்கள் பின்சந்தையும் தோண்ட வேண்டுமாம். மேற்பார்வைக்கு வந்த தமிழ்ப் பையன், "மண்ணுதானக்கா, நல்ல செம்மண்ணா லோரில கொண்டாந்து கொட்டி லெவல் பண்ணிக் கொடுத்துடுவோம்" என்றான். மேலே இருப்பது வேறு, கீழே இருப்பது வேறு, மேலே உள்ளதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். சிரித்தான்.

வேலைக்குக் கிளம்பி நின்ற கணவர், அங்கிருந்தே தன் மேலாளருக்குப் போன் செய்து, குடும்பத்தில் அவசரம், இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார். யாருக்கு என்ன என்று மறுமுனையில் கேட்டிருப்பார்கள் போல. மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சீரியஸ்தான் பாஸ்" என்றார்.

ஆன்ட்டி கொடுத்த கேன்வாஸ் விரிப்பில் நாங்கள் இருவரும் மேல்மண்ணை வழித்துக் குவித்தோம். வேலை முடியும்வரை கணவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன் பக்கத்தில் காவல் இருந்தார். தலைவர் ஒரு வாளியோடு வந்து, தொட்டி ரோஜாவுக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்றார். அரை வாளி கொடுத்தார் என் கணவர். கூடவே பாறை உடைவதிலிருந்து தொடங்கி ஒரு நீண்ட பாடமும் நடத்தினார். தலைவரால் நடுவில் கிளம்ப முடியவில்லை.

இயந்திரம் போனதும் மண்ணைத் திரும்பப் பரப்பினோம். புழுக்கள் நிறையச் செத்திருந்தன. அடுத்த வெண்டை மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் காய்த்தது. ஆன்ட்டிக்கு ஒரு கைப்பிடி காய் கொடுத்தேன். மிளகாய்ச் சம்பலில் வதக்கினாராம், நன்றாக இருந்ததாம். இப்போது ரம்புத்தான் இலைகளை அவரே வைத்துக்கொள்கிறார். கேட்டால் தருவதில்லை. நான் இலைக்காக அடுத்த தெருவுக்குப் போய்வருகிறேன்.