வினாத்தாள் திறந்த காலை

ஞாயிறு காலை ஆறு இருபது. மானிட்டரில் நீலத் திரையும் வெள்ளை எழுத்துகளும் மட்டும் இருந்தன. விண்டோஸ் கிளம்பவில்லை. தமிழாசிரியையான என் மனைவி மறுநாள் தேர்வுக்குத் தயாரித்திருந்த வினாத்தாள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், சட்டையைக்கூட மாற்றாமல், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் சிடியோடு வந்தார். "பயப்படாதீங்க டீச்சர். ஃபைலெல்லாம் உள்ளதான் இருக்குது."

சிடியிலிருந்தே கம்ப்யூட்டர் கிளம்பியது. வினாத்தாளும் கிடைத்தது. திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கிடந்தன.

"இதைக் குடுத்தா புள்ளைங்க என்னையில்ல ஃபெயிலாக்கும்?" என்றாள் மனைவி.

"சாமான ஏத்திகினு வந்தோம், சாவிய வுட்டுட்டோம்" என்று அவர் சிரித்தார். அவள் தட்டச்சு செய்தது பழைய எழுத்துருவில். சிடியில் வந்த லினக்ஸில் அது இல்லை; அதனால்தான் தமிழ் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கில் அந்த எழுத்துருவைத் தேடியெடுத்து லினக்ஸில் சேர்த்தோம். மறுபடி திறந்தபோது, 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று முதல் வரி வந்தது.

ஃபைல்களைத் தனியே பத்திரப்படுத்திக்கொண்டு, மதியமே விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை ஏற்றினோம்.

திங்களன்று முப்பத்தெட்டுப் பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள்.