ரெக்கை கம்பெனி

காலை ஐந்து ஐம்பது. குன்றத்தூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வளைந்து நின்றபோது முதலில் கண்ணில் பட்டது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாள். முந்தின நாள் வரை அந்த இடத்தில் ஒரு சிவப்புச் சிறகு இருந்தது. தாள் போதவில்லை, சிறகின் நுனி வெளியே தெரிந்தது.

சிறகு, நாங்கள் தயாரித்த கிராபிக்ஸ் கார்டின் அடையாளம். கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் கார்டு. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள், "ரெக்கை கம்பெனி, ரெக்கை கம்பெனி, இன்னும் ரெண்டு பேர்" என்று கூவுவார்கள். ஒரகடத்தில் எங்கள் கேட்டில் எழுதியிருந்த பெயரை அவர்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள். பதிப்பை மூடியதும் இங்கே வந்தேன். தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் அனுப்பும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவது என் வேலை.

பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் பெண், கார்டுக்கு விசிறி பொருத்தும் லைனில் டிரெய்னி. அடுத்த மாதம் நான்கு வருஷம் முடிகிறது; முடிந்தால் கன்ஃபர்ம். கன்ஃபர்ம் ஆனவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் இடம். அவளுடைய மூன்று வயது மகள் திண்டிவனத்தில் மாமியாரிடம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பாள். காப்பகத்துக்கென்று யானை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னாக்கா, வண்டி மூஞ்சில பிளாஸ்திரி ஒட்டிக்கினு வருது?"

"நம்ம கம்பெனியை வேற கம்பெனியோட சேத்துட்டாங்க. இனிமே அவங்க பேர்லதான் கார்டு வரும்."

"கல்யாணம்னு சொல்லு. பொண்ணு வூட்டுப் பேரத் தூக்கிட்டாங்க."

பின் சீட்டில் சிரித்தார்கள்.

அன்று நான் எழுதிய அறிவிப்பில் நான்கு வரி பெருமிதம், ஒரு வரி செய்தி. பழைய பெயரில் விற்ற கார்டுகளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டு, வாரண்டி முழுமையாகத் தொடரும். கேன்டீனில் புதுப் பெயர் எழுதிய கேக் வெட்டினார்கள். லைன் பெண்களிடம் வருவதற்குள் பெயர் முழுவதும் மேலதிகாரிகளின் தட்டுகளுக்குப் போயிருந்தது. இவர்களுக்கு வெள்ளை கிரீம் கிடைத்தது.

மறுநாளிலிருந்து அவளுடைய லைனுக்கு விசிறி வேலை இல்லை. கிடங்கில் தயாராக இருந்த கார்டுகளிலிருந்து சிறகை எடுக்க வேண்டும். சூடான காற்றைக் காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, பசையைத் துடைத்துப் புது ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் சாய்த்துப் பிடித்தால் அடியில் சிறகின் தடம் தெரிந்தது. தெரிந்தவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி துடைத்தார்கள்.

நான்கு வருஷம் முடிந்தது. கன்ஃபர்ம் பற்றிக் கேட்க அவள் எச்.ஆர். அறைக்கு வந்தபோது நான் அடுத்த மேஜையில் இருந்தேன். அதிகாரி முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்.

"பழைய பிராஜெக்ட் குளோஸ்மா. புது பிராண்ட், புது லைன். சர்வீஸ் இந்த மாசத்துலேர்ந்துதான் கணக்கு. எல்லாருக்கும் அதே பாலிசிதான்."

"லைன் அதே லைன்தான சார். நான் குந்துற ஸ்டூலு கூட அதே ஸ்டூலுதான்."

"பேர் மாறிடுச்சுல்ல."

"கல்யாணம் ஆனா இனிஷியல் மாறும் சார். வயசு மறுபடி ஒண்ணுலேர்ந்தா ஆரம்பிக்கும்?"

அவர் சிரித்தார். நல்ல ஜோக் என்றார். பிறகு, வேண்டாமென்றால் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம், தண்டலம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வரத் தயாராக இருக்கிறது என்றார். அதைக் கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வெளியே அறிவிப்புப் பலகையில் என் தாள் இன்னும் இருந்தது. அவள் அதன் முன் நின்று வாரண்டி வரியில் விரலை வைத்தாள்.

"இது நீ எழுதுனதாக்கா?"

"ஆமா."

"கார்டுக்கு வாங்குன நாள்லேர்ந்து கணக்கு. பரவால்ல, அதுக்காச்சும் போட்டாங்களே."

அவள் வேலையை விடவில்லை. பஸ்ஸில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் குறைந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்னும் ரெக்கை கம்பெனி என்றுதான் கூவினார்கள்.

அந்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து சிறகு ஒட்டிய பழைய கார்டு ஒன்று வாரண்டியில் வந்தது. விசிறி சுற்றவில்லை. மறு கேள்வி கேட்காமல் புது கார்டு அனுப்பினார்கள். அந்தப் புது கார்டும் அவளுடைய லைனில் செய்ததுதான்.

ஜூனில் மகளைத் திண்டிவனத்திலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள்.